ஆறாம் வீட்டுக் கூச்சலும் இரண்டாம் வீட்டு அமைதியும்

ஆடி மாதத்து மூன்றாவது புதன்கிழமை காலை, குழாயில் நல்ல தண்ணீர் வந்து கால்மணி நேரம்கூட ஆகாத வேளையில், குடத்தோடு வரிசையில் நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பிடரியில் லேபிள் குத்தியது. திருப்பூரில் பிடரி லேபிள் ஒன்றும் புதுச் சமாச்சாரம் அல்ல. பகலெல்லாம் அதைத் தைப்பதும், தைத்ததைச் செக்கிங் பார்ப்பதும், பார்த்ததை அயர்ன் போட்டு மடிப்பதும்தான் எங்கள் லைன் வீட்டுப் பத்துக் குடும்பத்துக்கும் பிழைப்பு. ஆனால் அன்றைக்கு அது அரம் வைத்து ராவியது. ஆண்கள் குடத்தைப் போட்டுவிட்டுப் பனியனைக் கழற்றி வீசினார்கள், பெண்கள் நைட்டியின் கழுத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம், தண்ணீர் விழும் சத்தம் தாங்காமல் யாரோ குழாயை மூட, மூடிய பிறகு சொட்டிய சொட்டு ஒவ்வொன்றும் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது.

ஆறாம் வீட்டிலிருந்து ஒரு பையன் வெளியே வந்திருந்தான், அவ்வளவுதான் நடந்தது. ஐந்து வயது, பனியனைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தான், இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். பெயர் சோனைமுத்து. அவன் அம்மா பாண்டீஸ்வரி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் லேபிள் தைக்கிறவள். அப்பா லாரியில் போனால் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பையனை அவள் உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் எங்கள் பிடரியில் லேபிள் மறுபடி சாதுவாகப் படுத்துக்கொண்டது.

டெய்லர்களும் கட்டிங் மாஸ்டர்களும் குடியிருக்கும் லைன், அளக்காமல் விடுவோமா? ஒன்பதாம் வீட்டுக் கட்டிங் மாஸ்டர் இஞ்ச் டேப்பை எடுத்துவந்து அளந்து, பையனைச் சுற்றிப் பன்னிரண்டடி என்று முடிவு சொன்னார். அந்தப் பன்னிரண்டடிக்குள் யார் வந்தாலும் பையனுக்குத் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். ட்யூப்லைட் இரைவது தெரியும், பக்கத்து வீட்டு ஈயப்பாத்திரத்தில் நேற்றைக்கு மீன் வைத்தது தெரியும், நெற்றிப் பொட்டின் கனம் தெரியும், கடுகு வெடித்தால் கல்குவாரியில் வெடி வைத்த மாதிரி கேட்கும். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. காலையில் எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்; ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு ஏது நேரம்.

ஆகவே பழகிக்கொண்டோம். பிசிறு வெட்டும் கட்டரால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாத் துணியிலும் லேபிளை வெட்டி எடுத்தோம். உலகத்துக்கெல்லாம் லேபிள் தைக்கும் ஊரில் லேபிளே இல்லாத மனிதர்களாக நாங்கள் பத்துக் குடும்பம் நடமாடினோம். பாண்டீஸ்வரி பையனை வெளியே அழைத்து வரும்போது, "வர்றோமுங்க்கா" என்று மெதுவாகச் சொல்வாள், உடனே மிக்ஸி நிற்கும், டி.வி. நிற்கும், தாளிக்கிறவள் அடுப்பை அணைப்பாள், பத்து வீடும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அதில் அழகும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பல்லடத்துப் பக்கம் பெய்கிற மழையின் வாசம் அவன் நிற்கும்போது அரைமணி நேரம் முன்னாலேயே எங்களுக்கு வந்தது. சாயங்காலம் நிலா எழும்பி வாசலில் விழுந்தால், அது முன்னங்கையில் படுவது பவுடர் தூவின மாதிரி குளுகுளுவென்று தெரிந்தது. எல்லாவற்றையும்விட, அவனுக்குத் தாங்க முடியாமல் போகும்போது பாண்டீஸ்வரி ஒரு பழைய சேலையை எடுத்து, பையனைக் கழுத்துவரை இறுக்கமாகச் சுற்றி, மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அப்போது பன்னிரண்டடிக்குள் இருக்கும் எல்லோர் உடம்பையும் யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும், தோள் தளரும், தொட்டில் குழந்தைகள் பால் கேட்காமல் தூங்கும், ஏழாம் வீட்டு மாமியாரும் மருமகளும் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஏன் சண்டை போட்டோம் என்று யோசிப்பார்கள். அதை நாங்கள் வாங்கிக்கொண்டோம். நன்றி மட்டும் சொல்லவில்லை.

"அவன் வேணும்னு செய்யலக்கா," என்று பாண்டீஸ்வரி என்னிடம் ஒருமுறை சொன்னாள். "நமக்கு ஊசி விழுகுற சத்தம், அவனுக்கு அண்டா விழுகுற சத்தம். இதுக்கு முன்னாடி ஏழு வீடு காலி பண்ணிட்டு வந்திருக்கேன். எட்டாவதா இது. இங்கயாச்சும் இருக்க விடுங்க."

நான் நாலாம் வீடு, தங்கமணி. அயர்ன் டேபிளில் இருபது வருஷமாக நிற்கிறவள். "உன்னைய யாரு போகச் சொன்னா?" என்று அவளிடம் சொன்னது நான்தான், பிற்பாடு என்ன செய்தேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அதே ஆடிப் புதன்கிழமைதான் இரண்டாம் வீட்டிலும் ஒன்று தொடங்கியிருக்க வேண்டும். சோனைமுத்து விஷயம் தெரிய எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மோனிஷா விஷயம் தெரிய நாற்பது நாள் ஆயிற்று.

மோனிஷா, இரண்டாம் வீட்டு மரகதத்தின் மகள், ஆறு வயது. பிள்ளை என்றால் மரகதத்துப் பிள்ளை மாதிரி இருக்கோணும் என்று லைன் முழுக்கப் பேச்சு. அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கமாட்டாள். நாளெல்லாம் குழாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றுவாள், தலை கிறுகிறுக்காது. சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே நடப்பாள், கவுன் கழுத்தைச் சப்பிச் சப்பி ஈரமாக்கி வைத்திருப்பாள், வாசற்படியில் தடுக்கி விழுந்தால் முட்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல் எழுந்து போவாள். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலாவது முறை திரும்புவாள். காது கேட்கவில்லையோ என்று மரகதம் ஆஸ்பத்திரியில் காட்டினாள். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "இவ இருக்கிறதே தெரியாதுங்க, தங்கமான பொண்ணு," என்றாராம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

ஒருநாள் தோள்வலி பிடுங்கியெடுக்க, துவைக்கிற கல்லில் மோனிஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் வலி எங்கோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தெருவில் போன பஸ்ஸின் ஹாரன் பஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. வெயில் இருந்தது, சுடவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக எனக்கு இருந்தது. எழுந்து பன்னிரண்டடி தள்ளிப்போனேன், வலி வந்தது. திரும்பி வந்தேன், போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே லைன் முழுக்க நான் சொல்லியாகிவிட்டது.

அதன்பிறகு மோனிஷாவுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு இரண்டாம் வீட்டு வாசலில் உட்காரவைத்தார்கள். பல்வலிக்காரர் வந்தார், இடுப்புவலிக்காரர்கள் வந்தார்கள், சாயப்பட்டறையில் கை வெந்தவர் வந்தார், பக்கத்துத் தெருவிலிருந்து முழுகாமல் இருக்கும் பெண்ணொருத்தி பிரசவத்துக்குப் பிள்ளையை இரவல் கேட்டு வந்தாள். வருகிறவர்கள் வாழைப்பழமும் பூவும் கொண்டுவந்தார்கள். மரகதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் மிதப்போம். மணி போவதே தெரியாது, பசிகூடத் தெரியாது. ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் பேத்தியின் யூனிபாரத்துக்கு அயர்ன் போட்டேன், உள்ளங்கை வெந்து தோல் உரிந்ததைப் பன்னிரண்டடி தள்ளிப் போன பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எங்களைக் குற்றம் சொல்வதென்றால் எங்கள் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். செக்கிங் டேபிளில் என்ன செய்கிறோம்? கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எது கண்ணை உறுத்துகிறதோ அதில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுகிறோம். உறுத்தாத பீஸ் பாஸ். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் இப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்தால் வேறு கண்ணாக மாறிவிடுமா? சோனைமுத்துமேல் அம்பு ஒட்டினோம். மோனிஷாவைப் பாஸ் பண்ணி மடித்து வைத்தோம்.

இரண்டு பேரும் சேராதபடி பார்த்துக்கொண்டதும் நாங்கள்தான். அந்தப் பையன் வந்தால் இந்தச் சுகம் கெட்டுப்போகும் என்று பயம். பையன் லைனின் மேற்குக் கோடியில் துணி காயப்போடும் இடத்தோடு நிற்க வேண்டும், இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டோம். பாண்டீஸ்வரி சரியென்று தலையாட்டினாள். யாரோ அவனைப் பேய்ப்பிள்ளை என்றார்கள், பிறகு எல்லோரும் என்றார்கள். எட்டாம் வீட்டுக்காரர் மந்திரித்த கயிறு கொண்டுவந்து அவன் மணிக்கட்டில் கட்டினார். கட்டி முடிச்சுப் போடுவதற்குள் அவர் மணிக்கட்டே அறுபடுகிற மாதிரி ஆகி, அவரே பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஓடினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்கு, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கஞ்சி போட்ட எட்டுமுழ வேட்டியோடு இறங்கி வந்தார். பையன் படிக்கட்டுக்குக் கீழே எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது படியில் வேட்டி ரம்பமாகி, அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டாப்பட்டி டவுசரோடு மேலே ஏறிய வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மாடியிலிருந்தே பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, "ஏம்மா, வர்ற ஒண்ணாந்தேதி வீட்டக் காலி பண்ணிருங்க. இதுக்குமேல நமக்காவாது," என்றார்.

பிறகு கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து எங்களிடம் கேட்டார். "ஏனுங், நீங்கெல்லாம் என்ன சொல்றீங்க?"

பாண்டீஸ்வரி எங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் பேசினேன். "மரகதத்துப் புள்ள மாதிரி இருந்தாப் பரவாயில்லீங்க. இதுகூட எத்தன நாளைக்குத்தான் மூச்சப் புடிச்சுட்டு இருக்கறது?" என்றேன்.

ஒண்ணாந்தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலை ஒன்பது மணிக்குக் குட்டியானை வண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. பீரோ, கேஸ் அடுப்பு, சுருட்டிய பாய், சாக்கில் கட்டிய பாத்திரம் எல்லாவற்றையும் பாண்டீஸ்வரியும் டிரைவரும்தான் தூக்கினார்கள். ஒன்பதாவது வீடு எங்கே என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கே அது தெரியாது, ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடியில் சாமானை இறக்கிவைத்துவிட்டுத் தேடப்போகிறாள் என்று டிரைவர்தான் சொன்னான். வீடும் வேலையும் போனால் நாளைக்கு அவள் எந்தத் தெருவில் நிற்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்துவிட்டு மோனிஷா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த நினைப்பும் பஞ்சுக்குள் போய்விட்டது.

கடைசியாகப் பையனைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவள் புறப்பட்டாள். ஆறாம் வீட்டிலிருந்து கேட்டுக்குப் போக ஒரே வழிதான். இரண்டாம் வீட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். "வர்றோமுங்க்கா," என்றாள், பழக்கத்தில்.

நாலாம் வீட்டைத் தாண்டினாள். மூன்றாம் வீட்டுக்கு வந்தாள். அப்போது எங்களுக்கெல்லாம் பருப்பு வேகிற வாசம் பருப்பு வேகிற வாசமாகவே வந்தது. பஸ் ஹாரன் பஸ் ஹாரன் அளவுக்குக் கேட்டது. வெயில் வெயிலாகச் சுட்டது. மூன்று மாதமாக எதையும் அதனதன் அளவில் நாங்கள் அறிந்திருக்கவில்லை என்பதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாண்டீஸ்வரியின் தோளில் கிடந்த பையன் காதிலிருந்து கையை எடுத்தான்.

சேரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை அந்த லைனில் நாங்கள் கேட்டதில்லை. மோனிஷா வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

மரகதம் ஓடிவந்து காலைப் பிடித்துப் பார்த்தாள். குதிகால் பழுத்து, பன் மாதிரி வீங்கி, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து முழங்காலை நோக்கிச் சிவப்புக்கோடு ஏறியிருந்தது. பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. எட்டு நாளைக்கு முன்னால் மரகதத்தின் வீட்டுத் தையல் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. மேல்துண்டு கிடைத்தது, கூர்த்துண்டு கிடைக்கவில்லை, பெருக்கினதில் போயிருக்கும் என்று விட்டிருக்கிறாள்; அது பிள்ளையின் குதிகாலுக்குள் போயிருக்கிறது. கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கைக்கு வரும்வரை மெஷினை ஓட்ட விடமாட்டார்கள். எட்டு நாளாக அந்தக் காலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவள் மரகதம். எட்டு நாளாக அந்தக் கால் பக்கத்தில் என் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் நான். பார்த்திருப்போம். பார்த்தது எதுவும் எங்கள்மேல் படவில்லை.

"கத்துறாளே, என்ற புள்ள கத்துறாளே," என்று மரகதம் அழுதாள். "அழுவு சாமி, நல்லா அழுவு. அம்மாளுக்குக் கேக்கட்டும்."

ஆட்டோ தேடி ஒருவர் ஓடினார். கேட்டில் நின்ற குட்டியானைதான் வண்டி என்பது டிரைவருக்கு முதலில் புரிந்தது. யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து பாண்டீஸ்வரியின் பீரோவையும் பாயையும் ரோட்டோரத்தில் இறக்க ஆரம்பித்தான். அவளும் பையனை மூன்றாம் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பாத்திர மூட்டையை இழுத்துப் போட்டாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரகதம் வண்டிக்கு வந்தாள். பையன் நின்ற இடத்தைவிட்டுத் தள்ளி வந்ததும் மோனிஷாவின் அழுகை சட்டென்று நின்றது. முகம் பழையபடி அமைதியாயிற்று, கவுன் கழுத்தைச் சப்ப ஆரம்பித்தாள். காலைத் தரையில் ஊன்றக்கூடப் பார்த்தாள். மரகதம் அவளை விடாமல் இறுக்கிக்கொண்டு பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"பாண்டீசு," என்றாள். "இப்படியே கூட்டீட்டுப் போனா அங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லிருவாளே. இவ பக்கத்துல நின்னா டாக்டருக்குந்தான் என்னத்த உறைக்கும்? உன்ற பையன அனுப்புடி. உனக்குப் புண்ணியமாப் போவுது. அவந்தான் மருந்து."

பாண்டீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து வரைக்கும் பேயின்னீங்க. இன்னைக்கு மருந்துங்கிறீங்க. எம்மகன் பேயுமில்ல, மருந்துமில்லக்கா. புள்ள. அம்புட்டுத்தான். ஆசுபத்திரி லைட்டும் அந்த வாடையும் அவன என்ன பண்ணும்னு தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு வெட்கமாக இருந்தது; அது பஞ்சுக்குள் போகாமல் அப்படியே நெஞ்சில் நின்றது.

பாண்டீஸ்வரி திரும்பி வந்து பையன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏய்யா, அந்தப் பாப்பாவுக்கு மேலுக்குச் சரியில்ல," என்றாள் மெதுவாக. "ஆசுபத்திரிக்குப் போகணுமாம். அங்க சத்தமா இருக்கும், வாடை அடிக்கும், ஊசியெல்லாம் இருக்கும். நீ வர்றியா, வேணாமா? வேணாம்னா வேணாம், அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவன் வண்டியைப் பார்த்தான். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். "அவகிட்ட சத்தம் கொறச்சலா இருக்கும்மா," என்றான்.

சேலையை உதறிவிட்டு அவனே போய் வண்டியில் ஏறி, மோனிஷாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தான். அவள் மறுபடியும் அலறத் தொடங்கினாள். வண்டி தெரு முனை திரும்பும்வரை அந்த அலறல் எங்களுக்குக் கேட்டது, அதற்கும் மேலாக மரகதம், "அழுவு கண்ணு, அழுவு," என்பதும் கேட்டது.

ரோட்டோரத்தில் பீரோ நின்றது. கட்டிங் மாஸ்டர் ஒரு பக்கம் பிடித்தார், ஏழாம் வீட்டு மருமகள் மறுபக்கம் பிடித்தாள். நான் பாத்திர மூட்டையை எடுத்தேன். ஆறாம் வீட்டைக் கூட்டித் துடைத்து, சாமான்களை எங்களுக்குத் தெரிந்த மாதிரி அடுக்கினோம். மாடியிலிருந்து நாச்சிமுத்து எட்டிப் பார்த்து, "என்ன நடக்குதுங் கீழ?" என்றார். "வீடு காலியில்லீங்க," என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். பத்து வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று அவரை அண்ணாந்து பார்க்கவும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பொழுது சாயும்போது வண்டி திரும்பி வந்தது. மோனிஷா காலில் வெள்ளைக்கட்டோடு அம்மா மடியில் தூங்கினாள். சோனைமுத்து களைத்துப்போய், கண்ணெல்லாம் சிவந்து, இரண்டுமுறை வாந்தியெடுத்த சட்டையோடு இறங்கினான். பாண்டீஸ்வரி ஆறாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "பீரோவ யாருக்கா சன்னலுக்கு நேரா வச்சது? வெளிச்சம் படுமே, அவனுக்கு ஆகாதே," என்றாள். மாஸ்டர் ஓடிப்போய் நகர்த்தினார்.

மரகதம் வாசற்படியில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னாள், வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல, சொல்லும்போதே அழுதுகொண்டு. "டாக்டரு கேட்டாருங்க்கா, வலிக்குதா பாப்பான்னு. வலிக்குதுன்னு சொன்னா. எங்கேன்னு கேட்டாரு. தொட்டுக் காட்டுனா. அவளாவே தொட்டுக் காட்டுனாக்கா."

வலிக்குதா என்று ஒரு சொல். ஒன்றரை மாதமாக அந்தப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எங்களுக்கு வலிக்கவில்லை, அதனால் கேட்கவில்லை.